ஒரே நாளில் பிறந்த இருநூறு பேர்

அத்தியாயம் 7

"என்னைக் கண்டுபிடிச்சுக் குடுங்கம்மா" என்றார் வந்தவர்.

எங்கள் ஆபீசுக்குக் காணாமல் போன கணவனைத் தேடி வருவார்கள். கணவன் காணாமல் போகவில்லையே என்ற வருத்தத்திலும் சிலர் வருவார்கள். பூனையைத் தேடி ஒருவர் வந்தார். பூனை தானாகவே வீடு திரும்பிவிட்டது; அதையும் நாங்கள் துப்புத் துலக்கிய வழக்குகளில் சேர்த்திருக்கிறோம். ஆனால் தன்னையே கண்டுபிடிக்கச் சொல்லித் தன் காலாலேயே மாடிப்படி ஏறி வந்தவர் இவர்தான் முதல்.

"கண்டுபிடிச்சாச்சுக்கா, இதோ இருக்கீங்க. அடுத்த கேஸைச் சொல்லுங்க" என்றேன்.

அண்ணி பேனாவால் மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். வாயை மூடு என்பதற்கு எங்கள் ஆபீஸ் சங்கேதம் அது. அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. பன்னிரண்டு வருஷம் ஓர் அலுவலகத்தின் பதிவறையில் குப்பை கொட்டிவிட்டு, ஒரு நாள் கோபத்தில் வெளியே வந்து துப்பறியும் நிறுவனம் தொடங்கியவர். நான் உதவியாளன். எனக்கு இரண்டு தகுதிகள்: ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும், வேறு எங்கும் வேலை கிடைக்கவில்லை.

வந்தவர் அடுத்த தெருவில் சலவைக்கடை வைத்திருக்கும் அக்கா. என் சட்டைகள் அவர் கையில்தான் இஸ்திரி ஆகின்றன. அவருக்கு இடது கண் போய் மூன்று வருஷம் ஆகிறது. வலது கண்ணிலும் புகை படிந்துவிட்டது. சென்ற வாரம் என் நீலச் சட்டையின் காலரில் முக்கோணமாக ஒரு கருகல் இருந்தது. புது டிசைன் போலிருக்கிறது என்று நான் இரண்டு நாள் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

"கண்ணாஸ்பத்திரில மூணு வருஷத்துக்கு முன்னாடியே பேர் குடுத்துட்டேம்மா. தானமா கண்ணு வந்தா வரிசைப்படி வைப்பாங்க. எனக்குப் போன் கிடையாது. அதனால வாரா வாரம் திங்கக்கிழமை நேர்ல போய்க் கேப்பேன். இன்னிக்குப் போனா, 'கண்ணு வந்திருக்கு, உங்க முறைதான்'னு எழுத்தரம்மா சொன்னாங்க. கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்த்தா நான் இல்லையாம்."

"இல்லைன்னா?"

"அப்படி ஒரு ஆளே இல்லையாம். எழுத்தரம்மா தனக்கு வேண்டியவங்கன்னு என்னைக் குறுக்க நுழைக்கப் பாக்குறாங்களாம். நிர்வாகி கத்துறாரு. பன்னிரண்டரை மணிக்குள்ள ஆள் உள்ள போகலைன்னா அந்தக் கண்ணு வேற ஆளுக்குப் போயிடும்மா."

"பேர் குடுத்தப்ப ஒரு சீட்டுத் தந்திருப்பாங்களே?"

அக்கா இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது, ஓர் எழுத்து இல்லை.

"ஜாக்கெட்டோட சேர்த்துத் துவைச்சுட்டேன்" என்றார்.

"தொழில் சுத்தம்னா இதுதான்" என்றேன். பேனா மறுபடியும் மேஜையைத் தட்டியது. மணி பத்து ஐம்பது. அண்ணி ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அக்காவை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டு நாங்கள் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தோம்.

நிர்வாகியின் அறையில் முதலில் கண்ணில் பட்டது கண்ணாடியில் செய்த ஒரு கேடயம். காத்திருப்போர் பட்டியலை வெகுவாகக் குறைத்ததற்காக நிர்வாகக் குழு வழங்கியது என்று அதில் பொறித்திருந்தது. அதற்குப் பின்னால் டை கட்டிய ஒரு கழுத்தும், கழுத்தின் மேல் நிர்வாகியும் இருந்தார்கள். கேடயத்தில் ஒரு விரல் ரேகை தெரிந்தது போலும். கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் எங்களை உட்காரச் சொன்னார்.

"பழைய சாஃப்ட்வேர் பத்தொன்பது வருஷத்துப் பழசு. பத்து வாரத்துக்கு முன்னாடி எல்லாத்தையும் புதுசுக்கு மாத்தினோம். மாத்தின அன்னிக்குப் பட்டியல்ல அறுநூத்து நாப்பது பேர். இன்னிக்கு நானூத்து முப்பத்தொண்ணு!"

"இந்தப் பத்து வாரத்துல எத்தனை ஆபரேஷன் ஆச்சு?" என்று அண்ணி கேட்டார்.

"ஒன்பது."

நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். அண்ணிக்கு விரல் தேவைப்படவில்லை.

"அறுநூத்து நாப்பதுல ஒன்பது போனா அறுநூத்து முப்பத்தொண்ணு. நீங்க நானூத்து முப்பத்தொண்ணுன்னு சொல்றீங்க. மிச்சம் இருநூறு பேருக்குக் கண்ணு தானா சரியாயிடுச்சா சார்?"

நிர்வாகியின் டை லேசாக அசைந்தது. "அதெல்லாம் டேட்டா சுத்தமாகுறது. மாத்தின புதுசுல எதைத் திறந்தாலும் இன்டெக்ஸ் எரர்னு வரும். நான்தான் கம்பெனிக்காரங்ககிட்ட வழி கேட்டுக்கிட்டு, தினமும் ஒன்பது மணிக்கு வந்து சரிபண்ணி, இந்த அளவுக்குக் கொண்டுவந்திருக்கேன்."

"இன்டெக்ஸ்னா?" என்றேன், தெரியாததைக் கேட்பதும் உதவியாளன் வேலை என்பதால்.

நிர்வாகி கேடயத்தை மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்.

"புத்தகத்துக்குப் பின்னாடி, எந்த விஷயம் எந்தப் பக்கத்துலன்னு ஒரு பட்டியல் இருக்குமில்ல தம்பி, அதுதான். அது கோளாறாச்சுன்னா புத்தகம் முழுசா இருந்தாலும் பக்கம் கிடைக்காது" என்றார் அண்ணி. "சார், அப்ப உங்க பட்டியல்படி இன்னிக்கு யாரோட முறை?"

"முதல் எண்காரர். காலைலேர்ந்து நாலு தடவை போன் பண்ணிட்டேன். எப்பவும் பிஸி. விதிப்படி பன்னிரண்டரை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் ரெண்டாம் எண்காரரைக் கூப்பிட்டுடுவேன். அவரும் உங்க சலவைக்கடை அம்மா கிடையாது, அந்த அம்மாவுக்குத்தான் போனே இல்லையே."

"முதல் எண்காரர் பேர் என்ன?"

"பேர் நட்சத்திரக் குறியாத்தான் தெரியும். நோயாளி ரகசியம். திறந்தா இன்டெக்ஸ் எரர் வரும்னு நான் திறக்கிறதே இல்லை. போன் நம்பரும் பிறந்த தேதியும் மட்டும் தெரியும், அது போதாதா?"

கண் வைக்க ஆள் தேடுகிறார், ஆளின் பெயரை மட்டும் கண்ணால் பார்க்க மாட்டாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. பேனாவால் தட்ட அது எங்கள் மேஜை இல்லை என்பதால் அண்ணி என் காலை மிதித்தார்.

பதிவறை தரைத்தளத்தில் இருந்தது. இரும்பு அலமாரிகள், ஒரு புதுக் கம்ப்யூட்டர், ஒரு பழைய தொலைபேசி. எழுத்தரம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கண்கள் சிவந்திருந்தன. பக்கத்து ஸ்டூலில் சலவைக்கடை அக்கா, வெள்ளைச் சீட்டை இன்னும் விரலில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவர்க் கடிகாரம் பதினொன்றரை காட்டியது.

"சார், அந்த முதல் எண்காரரை இப்ப ஒரு தடவை கூப்பிடுங்களேன்" என்றார் அண்ணி.

நிர்வாகி பதிவறைத் தொலைபேசியை எடுத்தார்.

"நாலு தடவையும் இந்தப் போன்லேர்ந்துதான் கூப்பிட்டீங்களா?"

"விதி அதுதான். பதிவறைப் போன்ல கூப்பிட்டாத்தான் அழைப்பேட்டுல ஏறும்." எண்களைப் பார்த்துப் பார்த்து அழுத்திவிட்டு ரிசீவரை அண்ணியின் காதருகே நீட்டினார். "கேளுங்க. பிஸி."

"மணி அடிக்கவே இல்லையே. எடுத்த எடுப்புலயே பிஸி" என்றார் அண்ணி. "வச்சிடுங்க."

அவர் ரிசீவரை வைத்தார். அண்ணி தன் கைப்பேசியில் அதே எண்ணை அழுத்தினார்.

மேஜை மேலிருந்த தொலைபேசி அலறியது.

நிர்வாகி பழக்க தோஷத்தில் அதை எடுத்து, "ஹலோ, கண் மருத்துவமனை" என்றார்.

"ஹலோ, சார்" என்றார் அண்ணி, இரண்டடி தள்ளி நின்றபடி. "கண்ணு உங்களுக்குத்தானாம். எப்ப வந்து படுக்குறீங்க?"

அந்த முகத்தைப் படம் எடுத்துப் பிரேம் போட்டிருக்க வேண்டும். கேடயத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம். காலையிலிருந்து நாலு தடவை மனுஷன் தன் ஆபீஸ் போனிலிருந்து அதே போனுக்கு அடித்து, லைன் பிஸி என்று குறைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஆபீசுக்குள் கூப்பிட எல்லாருக்கும் அது 'இருபத்தொன்று' என்ற உள் எண்தான். அதன் முழு எண் என்ன என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவர் இந்த அறையோடு பேசியதில்லை.

ஆனால் முழித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுத்தரம்மா பக்கம் திரும்பினார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"மாட்டிக்கிட்டீங்களா! உங்க மேஜை நம்பரை ஒரு நோயாளிக்குப் போட்டிருக்கீங்க. போலி ஆள்! இப்படி எத்தனை பேரை உள்ள விட்டீங்க? தெரிஞ்சுடுமோன்னு இருநூறு பேரை நீங்களே அழிச்சுட்டீங்க, அப்படித்தானே?"

எழுத்தரம்மா வெளிறிப்போனார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. சலவைக்கடை அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து, "நான் போலி இல்லைங்க" என்றார், யாரைப் பார்த்துச் சொல்வதென்று தெரியாமல் அலமாரியைப் பார்த்து.

"உக்காருங்கக்கா" என்ற அண்ணி எழுத்தரம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். "அந்த முதல் எண்காரருக்குப் பிறந்த தேதி ஜனவரி ஒண்ணு. சரிதானா? நானும் பன்னிரண்டு வருஷம் பதிவறையில இருந்தவதான். பயப்படாம சொல்லுங்க. யாரு அவரு?"

எழுத்தரம்மா நிர்வாகியைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"பெரியப்பா" என்றார்.

"உங்க பெரியப்பாவா! சொந்தக்காரர் வேற!" நிர்வாகி துள்ளினார்.

"யாருக்கும் பெரியப்பா இல்லை சார். அப்படி ஒரு ஆளே கிடையாது. பழைய சாஃப்ட்வேர் வந்த அன்னிக்கு, வேலை செய்யுதான்னு பார்க்க கம்பெனிக்காரர் 'சோதனை சோதனை'ன்னு ஒரு பேரைப் போட்டார். ஜனவரி ஒண்ணு, இந்தப் போன் நம்பர். போட்டதை எடுக்க அதுல வழியே இல்லை. பட்டியல்ல எப்பவும் அவர்தான் முதல்ல நிப்பார். மூத்தவர்னு நாங்க பெரியப்பான்னு கூப்பிட ஆரம்பிச்சோம். பெரியப்பாவை விட்டுட்டு அடுத்த ஆள்லேர்ந்து எண்ணணும்னு இந்த அறையில வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதே!"

"நீங்க இந்த அறைக்கு வந்ததே இன்னிக்குத்தானே சார்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பதற்கு வேறு இடம் இல்லை.

"சரி, பெரியப்பா ஒரு ஆள்" என்றார் அண்ணி. "மத்த இருநூறு பேர்?"

எழுத்தரம்மா மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, ஓரத்தில் ஓட்டை போட்ட நீளக் காகிதக் கட்டு ஒன்றைத் தூக்கி மேஜையில் வைத்தார். சாஃப்ட்வேர் மாற்றியதற்கு முந்தின நாள் எடுத்த அச்சு. தூக்கிப் போடச் சொல்லி உத்தரவு. அவர் போடவில்லை.

"பழசுல போன் நம்பரும் பிறந்த தேதியும் இல்லாம ஆளைச் சேர்க்க முடியாது மேடம். காலியா விட்டா உள்ளயே எடுக்காது. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்குப் போன் கிடையாது, பொறந்த நாளும் தெரியாது. அதுக்காகக் கண்ணு வேண்டாம்னு திருப்பி அனுப்ப முடியுமா? பெரியப்பாவோட தேதியையும் நம்பரையும் அவங்களுக்கும் போட்டு உள்ள விட்டுடுவோம். பழசுல ஆளைப் பதிவு எண் வச்சுத்தான் தேடும். அதனால தொந்தரவே வரலை."

அண்ணி காகிதத்தைப் புரட்டினார். ஜனவரி ஒன்று, ஜனவரி ஒன்று, ஜனவரி ஒன்று. அந்த ஒரு நாளில் பிரசவ ஆஸ்பத்திரிகள் என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்தேன். ஒன்பதாவது இடத்தில் சலவைக்கடை அக்கா இருந்தார். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் பெயருக்கெல்லாம் பக்கத்தில் 'முடிந்தது', 'இந்தக் கண் பொருந்தாது' என்று பென்சிலில் குறிப்புகள்.

"புதுசு ஆளை எதை வச்சுத் தேடுது சார்?" என்று அண்ணி நிர்வாகியைக் கேட்டார்.

"போன் நம்பரும் பிறந்த தேதியும் சேர்த்து" என்றார் நிர்வாகி. சொல்லி முடிப்பதற்குள் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப அதுக்கு இந்த இருநூறு பேரும் பெரியப்பாவும் ஒரே ஆள். ஒரே ஆளை இருநூத்தியொரு தடவை எழுதியிருக்குன்னு அது கத்துது. அதுதான் உங்க இன்டெக்ஸ் எரர்."

"இருக்கலாம். ஆனா கத்துறது வேற, காணாமப் போறது வேற" என்றார் நிர்வாகி, கொஞ்சம் தேறிக்கொண்டு. "யாரோ அழிச்சிருக்காங்க. இந்த அறையில இருக்கிறது இவங்கதான். இந்தக் காகிதத்தை வீட்டுலகூட அடிச்சுக் கொண்டுவரலாம். இதை வச்சு நான் கண்ணைத் தூக்கிக் குடுக்க முடியாது. மணி பன்னிரண்டு அஞ்சு. நான் ரெண்டாம் எண்காரரைக் கூப்பிடுறேன்."

அவர் சொன்னதில் பிசகில்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது. சலவைக்கடை அக்கா கையிலிருந்த சீட்டை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அண்ணியைப் பார்த்தேன். அவர் நிர்வாகியைப் பார்த்துச் சிரித்தார். அண்ணி அப்படிச் சிரித்தால் அண்ணன் வீட்டை விட்டே வெளியே போய்விடுவார்.

"கூப்பிடுங்க சார். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு உதவி. இத்தனை எரரை ஒண்டியா நின்னு சமாளிச்சிருக்கீங்க. தினமும் காலைல என்னதான் பண்றீங்கன்னு கொஞ்சம் காட்டுங்களேன். எங்க தம்பியும் கத்துக்கட்டும்."

புகழ்ச்சிக்கு மயங்காத நிர்வாகியை நான் இதுவரை பார்த்ததில்லை. இவரும் விதிவிலக்கில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யாரும் பார்க்காதபடி கையை மறைத்துக்கொண்டு கடவுச்சொல்லை அடித்தார்.

"இந்தப் பக்கம் எனக்கு மட்டும்தான் திறக்கும். வேற யாருக்கும் அனுமதி கிடையாது. இதோ இந்த 'சீர்செய்'ங்கிற பட்டன். காலைல ஒரு தடவை அமுக்கினா நாலு எரர் போயிடும். ஒரு நாளைக்கு நாலுதான் எடுக்கும். வாரத்துக்கு அஞ்சு நாள், பத்து வாரம், ஒரு நாள் தவறினதில்லை."

"ஐம்பது நாள்" என்றார் அண்ணி. "நாள் ஒண்ணுக்கு நாலு."

இந்த முறை எனக்கும் விரல் தேவைப்படவில்லை.

"சார், கீழ பொடி எழுத்துல 'விவரம்'னு இருக்கே, அது என்ன?"

"அது டெக்னிக்கல். நான் போறதில்லை."

"இன்னிக்குப் போய்ப் பாருங்களேன்."

அமுக்கினார். திரை வரிவரியாக நிரம்பியது. நோயாளி ரகசியம் என்ற சமாச்சாரம் இந்தப் பக்கத்துக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலும். நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. மேல் வரியை அண்ணி உரக்கப் படித்தார்.

"'இன்று காலை 9:02. ஒரே நபரின் மறுபதிவுகள் நான்கு நீக்கப்பட்டன. மூத்த பதிவு தக்கவைக்கப்பட்டது. செய்தவர்: நிர்வாகி.' அதுக்குக் கீழ நாலு பேர். மூணாவது பேரைப் படிங்க சார்."

நிர்வாகி படிக்கவில்லை. நான் படித்தேன். சலவைக்கடை அக்காவின் பெயர், அப்பா பெயர், தெரு, கதவு எண், வலது கண் என்று எல்லாம் இருந்தது. அதற்குக் கீழே வெள்ளிக்கிழமை, நான்கு பேர். வியாழக்கிழமை, நான்கு பேர். ஐம்பது வரிகளிலும் 'செய்தவர்' ஒருவர்தான்.

"அடிமட்டத்துலேர்ந்து ஒவ்வொரு ஆளா அழிச்சுக்கிட்டே மேல வந்திருக்கீங்க" என்றார் அண்ணி. "இல்லாத பெரியப்பாவைப் பத்திரமா வச்சுக்கிட்டு இருக்கிற இருநூறு பேரைத் தூக்கிப் போட்டாச்சு. அதுக்குத்தான் மாடியில கேடயம்."

"நான் அழிக்கலை! எரரைத்தான்..." என்று நிர்வாகி தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

மணி பன்னிரண்டு பதினைந்து. பெயருக்குப் பக்கத்தில் 'திரும்பச் சேர்' என்று ஒரு பட்டன் இருந்தது. நிர்வாகி அவசரமாக அமுக்கினார். இன்டெக்ஸ் எரர் என்று வந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடியும் அதேதான்.

"பெரியப்பா இருக்கிற வரைக்கும் அவங்களைச் சேர்க்காது சார்" என்றார் எழுத்தரம்மா. "அவரை எடுத்துடுங்க."

ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் வராத அந்தப் பத்தொன்பது வருஷ நோயாளி, பன்னிரண்டு பதினேழுக்குக் காலமானார். அடுத்த நொடி சலவைக்கடை அக்கா திரையில் பிறந்தார். எழுத்தரம்மா யாரையும் கேட்காமல் அவர் கையைப் பிடித்து எழுப்பி, மாடிப்படி வழியாக அழைத்துக்கொண்டு போனார். மேலே தியேட்டர் வாசலில் நின்ற டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவ்வளவு நேரம் எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டது கீழேவரை கேட்டது.

"இங்கதாங்க இருந்தேன்" என்றார் அக்கா. கதவு மூடிக்கொண்டது. நான் மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நின்றேன். காலருக்காகத்தான் என்று அண்ணியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

எழுத்தரம்மா திரும்பி வந்தபோது நிர்வாகி டையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நல்லபடியா முடிஞ்சுது. மிச்சப் பேரைத் தேதி மாத்திச் சாயங்காலத்துக்குள்ள சேர்த்துடலாம். இது சாஃப்ட்வேர் கோளாறு, வெளில போகவேண்டாம்" என்றார்.

எழுத்தரம்மா நீளக் காகிதத்தை விரித்து, பக்கத்தில் பத்து வாரத்து ஆபரேஷன் ஏட்டை வைத்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தார். பென்சில் ஐந்து இடத்தில் நின்றது.

"ஒன்பது ஆபரேஷன்ல நாலுதான் சரியான ஆளுக்குப் போயிருக்கு சார். இந்த அஞ்சு பேருக்கு முறை வந்தப்ப அவங்க பட்டியல்லயே இல்லை. வந்த கண்ணு யாருக்குப் பொருந்தும்னு டாக்டர் எழுதியிருக்கிறதைப் பார்த்தா, முன்னாடி இருந்தவங்களை விட்டு இவங்களைத்தான் கூப்பிட்டிருக்கணும். அஞ்சு கண்ணும் பின்னாடி நின்னவங்களுக்குப் போயிடுச்சு."

அவர் ஒரு தாளில் ஐந்து முகவரிகளை நிதானமாக எழுதி நிர்வாகியின் முன்னால் வைத்தார்.

"நீங்கதான் நேர்ல போய்ச் சொல்லணும் சார். போன் இல்லாதவங்க."

நிர்வாகி தாளைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நேர்ல எதுக்கு? ஒரு மன்னிப்புக் கடிதம் அடிச்சுத் தபால்ல அனுப்பிடலாமே?"

"அனுப்பலாம் சார்" என்றார் எழுத்தரம்மா. "எப்படிப் படிப்பாங்க?"